வராத புத்தகமும் ஒரு கீல் மச்சமும்

சென்னையில் இருக்கிற அரசாங்கம் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு என் கழுத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது என்று பதினாறு வயதில் நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் பல வருஷம் இதைச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தவன்தான். பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வேன், அதனால் சிரிப்பார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பற்றி விளக்க வேண்டாம். இப்போது மார்க் ஒரு தாளில் வருகிறது. நமக்குப் புத்தகமாக வந்தது. கெட்டி அட்டை, பசை வாசம், உள்ளே பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் இரண்டு. பதினோராம் வகுப்பு தொடங்கும்போது பள்ளிக்கூடத்தில் அதை நிரப்புவார்கள். பரீட்சை முடிந்ததும் சென்னைக்குப் போய் மார்க் ஏறித் திரும்பி வரும். பாஸா இல்லையா என்பதைப் பேப்பரில் நம்பர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எத்தனை மார்க் என்பது புத்தகத்தில்தான். அது கையில் இல்லாதவனைக் காலேஜும் சேர்க்காது, பாலிடெக்னிக்கும் சேர்க்காது.

புத்தகம் நிரப்பிய அன்று காலையில் நானும் பெரியப்பா மகனும் தோணி பார்க்கப் போயிருந்தோம். பெரியப்பா தோணித் தண்டல். தோணிக்கும் அதில் போகிற ஆட்களுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும், தோணிகளைக் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, மேலே தார் மாதிரிக் கருப்பான கீலைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்த வாசம் உங்களுக்கு நினைவிருக்கும். புகையும் மீனெண்ணெயும் கலந்து, சட்டையில் ஏறினால் மூன்று துவைப்புக்குப் போகாது. ஓடாவி, அதாவது தோணித் தச்சர், அகப்பையை உதறியதில் ஒரு சொட்டு என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. சுட்டது, கத்தினேன், பிறகு மறந்துவிட்டேன்.

பள்ளியில் வகுப்பு வாத்தியார் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முட்டுல ஒரு தழும்பு. சரி. இன்னொண்ணு எங்கலே?"

"இல்ல சார்."

"ஒண்ணுமில்லாம எவனும் பொறக்க மாட்டாம்ல. திரும்பு. இந்தா இருக்குல்லா, கழுத்துல மச்சம்!"

எழுதிவிட்டார். இடது கழுத்தில் கருப்பு மச்சம். நான் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் மச்சம் இருப்பது பெரிய மனுஷத்தனமாகத் தோன்றியது. பின் பெஞ்சில் பெரியப்பா மகன் முகத்தை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நாலு நாள் கழித்து அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் மச்சம் துணியோடு போய்விட்டது.

"ஏலே, கவர்மெண்டு மச்சத்த அழிச்சிட்டியே" என்றான் அவன். "ஒன் புத்தகத்த மெட்ராஸ்ல வச்சிப் பாப்பான். ஆளையும் கூப்பிட்டுப் பாப்பான். மச்சம் இல்லன்னா ஆள்மாறாட்டம். மூணு வருஷம் ஜெயிலு."

"நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"அப்ப எனக்கு ஒண்ணர வருஷம்."

அவன் சொன்னது வேடிக்கைக்கு. நான் உள்ளே வாங்கிக்கொண்டது வேறு மாதிரி.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். எங்கள் கடற்கரையில் தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் தாத்தா பெயரைத்தான் ஞானஸ்நானத்தில் வைப்பார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் மூத்தது ஆண் என்றால் இரண்டு வீட்டிலும் ஒரே பெயர். எங்களுக்கும் அப்படித்தான். பெயர் ஒன்று, போர்த்துகீசியர் காலத்துக் குடும்பப் பெயர் ஒன்று, அப்பாக்களின் முதல் எழுத்துகூட ஒன்று. என் அப்பா சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் ரைட்டர். அதனால் தெருவில் அவன் தண்டல் வீட்டான், நான் ரைட்டர் வீட்டான். யாரும் எங்களைக் குழப்பிக்கொண்டதே இல்லை. அவன் கணக்கில் புலி, நான் கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டுவதில் புலி.

அவனுக்கு எஞ்சின் பைத்தியம். புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கடலுக்குள் கல் கொட்டுகிற லாரியும் கிரேனும் போகிற வழியில் அவன் நின்றான் என்றால் நான் சட்டையைப் பிடித்து இழுத்துவர வேண்டும். "பாய்த் தோணிக்கெல்லாம் எஞ்சின் வரும்லே, பாத்துக்கிட்டே இரு" என்பான். ஊரில் பெரியவர்களோ, முத்துப் பாரில் மறுபடி சிப்பி விளையும், முத்துக் குளிப்பு வரும், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் வரும் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போட்டான். பெரியப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்:

"புத்தகத்த வாங்கிட்டு வா, படிக்கப் போ. இல்லன்னா மாதா திருநா முடிஞ்சி தோணி எறங்கும்போ நீயும் ஏறு. சும்மா இங்கன சுத்திக்கிட்டுத் திரியப்படாது."

அவ்வளவுதான் ஒப்பந்தம். ஜூலை நடுவில் நேர்முகம் என்று பாலிடெக்னிக்கிலிருந்து கார்டு வந்தது. புத்தகத்தை அசலாகக் கொண்டுவர வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

பேப்பரில் எங்கள் இருவர் நம்பரும் வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரை ஏழு பேர் பிய்த்துக்கொண்டு பார்த்தோம். அவன் நம்பருக்குப் பக்கத்திலேயே என் நம்பர். என் நம்பரைப் பார்த்து என்னைவிட அவன்தான் அதிகம் ஆச்சரியப்பட்டான்.

ஜூன் நடுவில் புத்தகங்கள் வந்தன. நான் பள்ளி ஆபீசுக்குப் போகுமுன் அப்பாவின் மைக்கூட்டில் தீக்குச்சியைத் தோய்த்துக் கழுத்தில் மச்சம் வைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் பள்ளி போய்ச் சேர்வதற்குள் மச்சம் இறங்கிக் காலரைத் தொட்டுவிட்டது.

"என்னடே கழுத்துல?" என்றார் கிளார்க்.

"மச்சம் சார்."

"ஒழுகுதே."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் நாங்கள் இருவரும்தான் நின்றோம்.

"ஒங்க ரெண்டு பேருதும் மெட்ராஸ்லயே நிப்பாட்டியிருக்கான்" என்றார் கிளார்க். "என்னன்னு லெட்டர் வரும். வந்தாச் சொல்லுதேன்."

என்னுடையது நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவனுடையது ஏன் நின்றது? வீடு வரும்வரை யோசித்து அதற்கும் விடை கண்டுபிடித்தேன். பார்த்துக்கொண்டிருந்தும் சொல்லாமல் விட்டதற்கு. அவனே சொன்ன ஒன்றரை வருஷம்.

அவனோ தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. பத்து நாளில் பள்ளிக் காவலாளி அவனைப் பார்த்ததும், கேட்காமலே தலையை ஆட்டப் பழகிவிட்டான். ஒரு சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். "நீ போய்ப் பாத்துட்டு வாலே" என்று என்னை அனுப்பினான்.

அன்றைக்குத்தான் கடிதம் வந்திருந்தது.

"வாடே, நல்ல நேரத்துல வந்த" என்றார் கிளார்க். நீளமான பழுப்புக் கவர். "இத ஒங்க பெரியப்பாட்ட குடு. எல்லாம் அதுல எழுதியிருக்கு. ரெண்டு மூணு நாள்ல கொண்டா. தொலைச்சிராத, என்ன?"

கவர் ஒட்டியிருக்கவில்லை. கோயில் மதிலுக்குப் பின்னால் போய் விரித்தேன். டைப் அடித்த இங்கிலீஷ், இரண்டு பத்தி. நம்முடைய இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். எனக்குப் புரிந்தவை மிகச் சில. ஒன்று, அங்க அடையாளங்கள் என்பதற்கான இங்கிலீஷ் சொற்கள். அதைப் பதினோரு மாதமாக மந்திரம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன் ஆயிற்றே. இன்னொன்று, சரிபார்க்க வேண்டும் என்பது. பிறகு என் பெயர். அது இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு தரம் திட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் காட்டியிருக்கலாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். பெல்ட்டும் இருந்தது. பெரியப்பாவிடம் கொடுத்தால் அவர் அதை அப்பாவிடம்தான் வாசிக்கச் சொல்வார். பிறகு போலீஸ். பிறகு நானும் அவனும் பாளையங்கோட்டையில் கம்பி எண்ணுவோம். கடிதம் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால் அரசாங்கம் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அலுத்துப்போய்ப் புத்தகத்தை அனுப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை வேறு. தோணிக் கரையில் கீல் கொதித்துக்கொண்டிருந்தது. ஓடாவி வெற்றிலை போட அந்தப் பக்கம் திரும்பியபோது கவரை அடுப்புக்குள் செருகினேன். தாள் உடனே பிடிக்கவில்லை. ஓரம் சுருண்டு, நடுவில் பழுப்பாகி, அப்புறம்தான் பிடித்தது.

"என்னலே எரிக்க? காதல் லெட்டரா?" என்றார் ஓடாவி.

"ஆமா மாமா. ஒங்க மவளுக்கு எழுதினது. வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவர் அகப்பையை ஓங்கிக்கொண்டு துரத்தினார். அன்றைக்குக் கரை முழுக்கச் சிரித்தது.

வீட்டில் அவன் கம்பளிக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டிக் கேட்டான்: "ஏதும் வந்துச்சாலே?"

"ஒண்ணும் வரல."

அதன் பிறகு அவனுக்கு முன்னால் ஆபீசுக்குப் போவது என் வேலையாயிற்று. "நீ கெட, நான் பாத்துட்டு வாரேன்" என்பேன். என்ன பாசம் என்று பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னாள். "ஏளா, ஒம் மவன் எம் மவனுக்கு நாயா அலையுதாம்ளா."

கிளார்க் ஒருமுறை கேட்டார்: "குடுத்தியாடே?"

"குடுத்தாச்சு சார். கோயில் சாமியார்ட்ட கேட்டுட்டுப் பதில் போடுதேன்னு சொன்னாவ."

உள்ளே இருந்து தலைமையாசிரியரின் குரல் வந்தது: "விடுமய்யா. கடலுக்குப் போற ஆளுக. அக்கறை இருந்தா இந்நேரம் வந்து நிக்க மாட்டாரா?"

கிளார்க் பேனாவை மூடிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தலைமையாசிரியரைப் பல வருஷம் திட்டியிருக்கிறேன், வாய்விட்டுத் திட்டத்தான் முடியவில்லை. அது பொய்யென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நேர்முகத்துக்கு அவன் புத்தகம் இல்லாமலேயே போனான். பேப்பரில் நம்பர் வந்த துண்டைக் கத்தரித்து வைத்திருந்தான். புத்தகம் இன்னும் வரவில்லை என்று தலைமையாசிரியரிடம் ஒரு சீட்டும் நான் போய் வாங்கிக் கொடுத்திருந்தேன். பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. தலையில் பெரியம்மா வைத்த எண்ணெய் நெற்றிக்கு வந்திருந்தது. சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கியவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"ஒரு சார் நல்லாத்தான் பேசினாரு. எஞ்சின்ல நாலு கேள்வி கேட்டாரு, நாலும் சொன்னேன். அப்புறம் புத்தகம் எங்கன்னாரு. சீட்டக் குடுத்தேன். இதுல மார்க் எங்கப்பா இருக்குன்னாரு."

"அப்புறம்?"

"மாசக் கடைசி வரைக்கும் எடம் வச்சிருக்கேன், கொண்டாந்தா சேத்துக்கிடுதேன்னாரு." சிறிது தூரம் நடந்த பின் சொன்னான்: "பதினஞ்சு நாள் இருக்குல்லா. வந்துரும்."

அந்தப் பதினைந்து நாளில் நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். அவனைப் பார்த்ததும் ஏதாவது கோமாளித்தனம் செய்தேன். கழுத்தில் கயிறு சுற்றிக்கொண்டு நாக்கைத் தள்ளிக் காட்டினேன். அவன் சிரித்தான். அந்த நாட்களில் அவனைச் சிரிக்க வைக்க என்னால் மட்டும்தான் முடிகிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியது. புத்தகம் வரவில்லை. தெருவில் பேச்சு மாறத் தொடங்கியது. பேப்பரில் நம்பர் தப்பாகவும் விழும், புத்தகம் வராதவன் பெயிலானவன் என்றார்கள். என்னுடையதும் வரவில்லைதான், ஆனால் நான் பெயிலாவதில் யாருக்கும் செய்தி இல்லை. பெரியப்பா ஒரு நாள் மகனைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"உள்ளதச் சொல்லு. பெயிலா?"

"இல்லப்பா. பாஸு."

"அப்பச் சர்க்கார் ஒன்னோட மட்டும் வெளையாடுதா?"

நான் பெரியம்மாவின் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மீன் குழம்பு கொதித்தது. அந்த வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது.

திருவிழா முடிந்து தோணி இறங்கியது. வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு. அவன் ஏறினான். மற்றவர்கள் எல்லாம் கயிற்றைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்க, அவன் பலகையில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னான்: "வந்துச்சின்னா வாங்கி வைலே. கையெழுத்து என்னோடதுதான் வேணும்னா, அப்படியே போட்டுரு. ஒரே பேருதான?"

புத்தகங்கள் இரண்டும் ஜனவரியில் வந்தன. அவன் அப்போது மாலத்தீவுப் பக்கம் இருந்தான். பெரியப்பா அந்த நடை போகவில்லை. முட்டுவலி என்று கரையில் இருந்தார். அவன் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அட்டையைத் துடைத்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"வாசி."

வாசித்தேன். தமிழ் எழுபத்தொன்று. இங்கிலீஷ் அறுபத்தைந்து. கணக்கு தொண்ணூற்றெட்டு. விஞ்ஞானம் எண்பத்தொன்பது. சமூகப் பாடம் எழுபத்திரண்டு.

"கணக்கு எத்தனன்ன?"

"தொண்ணூத்தெட்டு, பெரியப்பா."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

"அவன் சொன்னான்ல. சொல்லத்தான செஞ்சான்" என்றார். புத்தகத்தை வாங்கி, மேசைமேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அவன் வந்து பார்த்தான். "கணக்குல அந்த ரெண்டு மார்க்கு எங்கன போச்சின்னு எனக்குத் தெரியும்லே" என்றான். அடுத்த வருஷமும் விண்ணப்பம் போட்டான். அந்த வருஷம் பாஸான பிள்ளைகளுக்கு முதலில் என்றார்கள். அவனுக்கு அழைப்பு வரவில்லை. அதற்குள் பெரியப்பாவின் முட்டு முழுக்கப் போய்விட்டது, தோணிக்கு வீட்டிலிருந்து ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் காலேஜுக்குப் போனேன். கவர்மெண்ட் உத்தியோகமும் கிடைத்தது. என் கழுத்தை இதுவரை எவனும் பார்க்கவில்லை.

தோணிகளுக்கு எஞ்சின் வந்தது, அவன் சொன்ன மாதிரியே. தோணி முதலாளி, சர்ட்டிபிகேட் உள்ள ஒருவரைத்தான் எஞ்சினுக்கு வைத்தார். எஞ்சின் நின்றுபோனால் அந்த ஆள் அவனைத்தான் கூப்பிடுவார். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு எங்கே அடைப்பு என்று சொல்வான், பிறகு போய்க் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். போன தவக்காலத்தில் அவனை அடக்கம் செய்தோம். நெஞ்சுவலி. கடைசிவரை நான் அவனிடம் சொல்லவில்லை. கல்யாண வீட்டில், கல்லறைத் திருநாளில், ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் என்று நாற்பது வருஷத்தில் எத்தனையோ சந்தர்ப்பம். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோக் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். புத்தகம் வாங்கப் போன அன்று கிளார்க் தன் பைலில் இருந்த நகலைக் காட்டித் தமிழில் சொன்னார். நாங்கள் பள்ளியில் சேர்ந்த அன்று இருவருக்கும் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார்களாம். ஒரே பெயர், ஒரே முதல் எழுத்து, ஒரே தேதி, ஒரே பள்ளி. ஒரு பையனுக்கு இரண்டு புத்தகம் போடப்பட்டிருக்கிறதோ என்று சென்னையில் சந்தேகம். இரண்டு பேரின் அங்க அடையாளங்களும் புத்தகத்தில் வேறு வேறாக இருப்பதால், இவர்கள் இரண்டு பையன்கள்தான், அண்ணன் தம்பி பிள்ளைகள் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், சரிபார்த்து உடனே அனுப்பிவிடுகிறோம் என்று கேட்டிருந்தார்கள். பதில் போகாததால் புத்தகங்கள் அங்கேயே கிடந்தன. கடைசியில் கிளார்க்கே கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவை எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறார்.

கடிதம் என் கையில் இருந்த அந்தச் சனிக்கிழமை பெரியப்பா வீட்டில்தான் இருந்தார், பாய் தைத்துக்கொண்டு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.